எட்டாம் நாள் தண்ணீர்

கொடைக்கானல்
4.11.1962

அண்ணனுக்கு,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் வைத்துவிடுவீர்கள் என்று தோன்றியது. வேறு யாரையாவது விலாசம் எழுதச் சொல்லலாமா என்று யோசித்தேன். அது ஏமாற்று. நானே எழுதிவிட்டேன்.

மூன்று வருடம் எட்டு மாதம்.

உங்கள் பஞ்சாமிர்தக் கடைக்கு மலைப்பழம் கொண்டுவரும் ஒலியுல்லா பாய் போன வாரம் முதுகுவலி என்று எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். "ஒங்க அண்ணன் சம்சாரம் முழுகாம இருக்காங்களே, தையில பிள்ளை பொறந்துரும்லம்மா" என்றார். எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு சொன்னார். தெரிந்த மாதிரியே தலையாட்டினேன். உங்கள் இரண்டாவது கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை. பெண்ணின் பெயரையே அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாச்சம்மாள். தாய் இல்லாத பெண் என்றார். சுந்தராம்பாள் மதினிக்கும் தாய் இல்லை.

ஆக, பிரசவம் நம் வீட்டில். மதினி கிடந்த அதே அறையில். அம்மா கையால்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிரசவம் ஆன பிறகு நாச்சம்மாள் கேட்கும்போதெல்லாம் தண்ணீர் கொடுங்கள். கேட்காவிட்டாலும் கொடுங்கள். பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது என்று அம்மா சொல்வாள். பதினோரு நாள் மிளகும் பூண்டும் வறண்ட சோறும்தான் என்பாள். நாக்கு நனைய ஒரு முழுங்குக்கு மேல் விடமாட்டாள். அம்மாவை மீறி அதைச் செய்ய அந்த வீட்டில் உங்களால் மட்டும்தான் முடியும்.

காரணம் எழுத ஆரம்பித்தால் இது மதினியைப் பற்றிய கடிதமாகிவிடும். எழுதாமல் விட்டாலும் அவளைப் பற்றியதுதான்.

அன்றைக்கு வாசலில் நின்று, இனி இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். அந்த நான் உங்களுக்குத் தண்ணீரைப் பற்றி எழுதுகிறேன்.

தமயந்தி


பழனி
15.11.1962

முருகன் துணை

தமயந்திக்கு,

கடிதத்தைப் பிரித்தேன். கடை விலாசத்துக்கு வந்ததைப் பிரிக்காமல் போடுவது எனக்குப் பழக்கமில்லை.

நீ கேட்பதற்கு முன்னால் நான் ஒன்று கேட்கிறேன். சுந்தரத்தைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். தலைமாட்டில் விளக்கு. பாப்பா பிறந்து பன்னிரண்டு நாள், பாலுக்கு அழுகிறது. தெருவே வந்து நிற்கிறது. நீ என் காதோடு சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, தலையைத் திறந்து பார்க்க வேண்டும், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சம்மதம் கொடுங்கள் என்றாய். "அவ உனக்கு மதினியா, பாடமா" என்று கேட்டேன். நீ வாசலில் நின்று சபதம் போட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய். இன்றைக்கும் அதே கேள்விதான்.

வந்து பார்த்த டாக்டர் பிரசவ ஜன்னி என்றார். தந்தி கிடைத்து மெட்ராஸிலிருந்து வந்த நீயும் ஆமாம் என்றாய். ஜன்னி என்றால் ஜன்னி. அப்புறம் திறந்து பார்க்க என்ன இருக்கிறது?

அம்மா ஐந்து பெற்றாள். ஐந்துக்கும் தண்ணீர் குடிக்காமல்தான் கிடந்தாள். உன் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜைக் கேட்டுக்கொண்டு அவள் பெறவில்லை. நீயும் நானும் இருக்கிறோம்.

நாச்சம்மாளுக்கு அம்மா சொல்படிதான் நடக்கும். வேறு எதில் வேண்டுமானாலும் புத்தி சொல். தண்ணீர் விஷயத்தில் நீ தலையிடாதே. அது என்ன செய்யும் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

மலையில் பனி அதிகமாமே. உடம்பைப் பார்த்துக்கொள்.

பொன்னுவேல்


கொடைக்கானல்
28.11.1962

அண்ணனுக்கு,

உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில்: இரண்டும். உங்களுக்கு அது பிடிக்காது. எனக்கும் பிடிக்கவில்லை.

இன்று எழுதக் காரணம் வேறு.

முந்தாநாள் பூம்பாறையிலிருந்து உருளைக்கிழங்கு லாரியில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். மூட்டைகளுக்கு நடுவில் ஜமக்காளத்தில் கிடத்தி. பெயர் குப்பம்மாள். இருபத்திரண்டு வயது. குழந்தை பிறந்து பதினோரு நாள். புருஷன் அழகுமலை பூண்டுக் காட்டில் வேலை செய்கிறவன். மாமியார் குழந்தையை மாரோடு சேர்த்துக் கட்டியிருந்தாள்.

"காத்துக் கருப்பு அடிச்சிருச்சு தாயி. மந்திரிச்சும் பாத்தாச்சு, கேக்கல."

ஐந்து நாளாகத் தலைவலி. இரண்டு நாளாக வாந்தி. அன்று காலையில் வலது கை வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. பிறகு உடம்பு முழுவதும். எங்களிடம் வந்தபோது வலது கால் அசையவில்லை.

எங்கள் பெரிய டாக்டர் நல்ல மனிதர். வாசலிலிருந்தே பார்த்துவிட்டு, "பிரசவ ஜன்னி. ஊசி போட்டு இருட்டறையில் படுக்க வை" என்று சொல்லிவிட்டுப் போனார். நம் வீட்டுக் கூடத்தில் கேட்ட அதே வார்த்தை. அன்றைக்கு ஆமாம் என்றேன். இந்தத் தடவை வாய் வரவில்லை.

ஜன்னியானால் ரத்த அழுத்தம் ஏறியிருக்கும். எடுத்தேன். ஏறவில்லை. மூத்திரத்தைச் சோதனைக் குழாயில் சுடவைத்தேன், ஜன்னியானால் அது திரியும். திரியவில்லை. ஜன்னி பிரசவத்தை ஒட்டி வரும். பத்து நாள் கழித்து வருவது அபூர்வம்.

மதினிக்கும் அழுத்தம் ஏறவில்லை. நான்தான் எடுத்தேன், அண்ணா. எண் என் கண் முன்னால் இருந்தது. எண்ணை விட்டுவிட்டு டாக்டரின் வயதை நம்பினேன்.

பிறகு குப்பம்மாளின் கண்ணுக்குள் பார்த்தேன். அதற்கு ஒரு கருவி இருக்கிறது, சின்ன விளக்கு வைத்தது. பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடம் ஒரு வட்டமாகத் தெரியும். விளிம்பு கோடு போட்டதுபோல இருக்க வேண்டும். அவளுக்கு விளிம்பே இல்லை. ஊறிப் பொங்கியிருந்தது. சுற்றிலும் நாளங்கள் புழுப் போலத் தடித்துக் கிடந்தன. தலைக்குள் அழுத்தம்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன். தைப்பூசத்தன்று மலைப்படியில் கூட்டம் ஏறிக்கொண்டே இருக்கிறது. இறங்குகிற வழியை யாரோ அடைத்துவிட்டார்கள். ஏறுகிறவர்கள் நிற்கவில்லை. மேலே என்ன ஆகும்? மூளைக்குப் போன ரத்தம் இறங்கிவர ஒரு பெரிய வழி உச்சி வகிட்டுக்கு நேர் கீழே, மண்டையோட்டை ஒட்டி ஓடுகிறது. அங்கே ரத்தம் உறைந்துவிட்டது. அதுதான் தலைவலி. அதுதான் வாந்தி, வலிப்பு, விழுந்த கால். எல்லாம் ஒன்றுதான்.

பிள்ளை பெற்ற உடம்பில் ரத்தம் சீக்கிரம் உறையும். ரத்தப்போக்கு நிற்பதற்காக இயற்கை செய்துவைத்த ஏற்பாடு. அந்த நாட்களில் தண்ணீரும் கொடுக்காவிட்டால் ரத்தம் இன்னும் கெட்டிப்படும்.

குப்பம்மாளின் நாக்கைத் தொட்டேன். காய்ந்த தோல். மாமியாரிடம் கேட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஒரு சொட்டுத் தண்ணி நான் குடுக்கல தாயி. முருகன் மேல சத்தியமா. அம்புட்டுப் பத்திரமா பாத்துக்கிட்டேன்."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்தது பெருமை. அம்மாவின் முகம்.

இன்று புதன்கிழமை. நரம்பில் உப்பு நீர் ஏறிக்கொண்டிருக்கிறது. வலிப்புக்கு மருந்து கொடுத்திருக்கிறேன். உயிரோடு இருக்கிறாள். அதற்கு மேல் தெரியாது.

தமயந்தி


பழனி
5.12.1962

முருகன் துணை

தமயந்திக்கு,

அந்தப் பூம்பாறைப் பெண் என்ன ஆனாள்? பாதியில் நிறுத்திவிட்டாய். இரண்டு நாளாகக் கடையில் கை ஓடவில்லை. பழம் பிசைகிறவன், "என்னண்ணே, மொகம் பேயறைஞ்சாப்ல இருக்கு" என்கிறான். வெரசா எழுது.

நாச்சம்மாள் நன்றாக இருக்கிறாள். அதிகம் பேசமாட்டாள். பாப்பாவை இடுப்பை விட்டு இறக்குவதில்லை, வயிற்றைத் தள்ளிக்கொண்டு. அம்மா திட்டுகிறாள்.

ஒரு விவரம் கேட்க வேண்டும். தலையைத் திறந்து பார்த்தால் என்னென்ன தெரியும்? கடைசியாக என்ன சாப்பிட்டார்கள், என்ன குடித்தார்கள் என்பதெல்லாம் தெரியுமா? தண்ணீர் குடித்திருந்தால் அது மூளையில் தெரியுமா?

சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

பொன்னுவேல்


கொடைக்கானல்
16.12.1962

அண்ணனுக்கு,

குப்பம்மாள் இருக்கிறாள்.

அந்தப் புதன்கிழமை நான் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பியபோது இடது காலும் விழுந்திருந்தது. ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். அடைப்பு நடு வழியில் வளர்கிறது என்று அர்த்தம். மதினிக்கு வலது கை. மறுநாள் இடது கால். உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

உறைதலை நிறுத்த ஒரு மருந்து உண்டு. ஹெபரின். எங்களிடம் இல்லை. ஒலியுல்லா பாய் மதுரைக்குப் பழம் ஏற்றிப் போகிறவர், சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த நாள் மத்தியானம் பஞ்சு சுற்றிய ஆறு குப்பிகளோடு வந்தார். "மலைப்பழத்த விடப் பத்திரமா கொண்டாந்தேன்மா" என்றார்.

மருந்து கையில் இருந்தது. போட முடியவில்லை. இடுப்பில் ஊசி வைத்து முதுகுத்தண்டு நீரை எடுத்திருந்தேன். லேசாகச் சிவந்திருந்தது. அடைபட்ட நாளங்கள் கசிந்திருக்கின்றன. உறையவிடாத மருந்தைப் போட்டால் கசிவு பெருகலாம். பெரிய டாக்டர் சத்தம் போடவில்லை. "போட்டுச் செத்தால் நீ கொன்றதாகும். போடாமல் செத்தால் நோய் கொன்றதாகும். யோசித்துக்கொள்" என்றார். புத்தகங்களிலும் இரண்டு கட்சி. அவர் பயந்ததில் நியாயம் இருந்தது.

அழகுமலையைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். இரண்டையும் சொன்னேன். பிழைக்கலாம், இதனாலேயே சாகவும் செய்யலாம். கையில் இருந்த மண்ணைத் தேய்த்துக்கொண்டே கேட்டான். பிறகு:

"ஒங்க வீட்டுப் பொம்பளையா இருந்தா என்னம்மா செய்வீங்க?"

என் வீட்டுப் பெண்ணுக்கு நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும்.

"போடுவேன்" என்றேன், கடைசியில்.

"அப்ப போடுங்க. நான் காட்டுப் பக்கம் போகல. இங்கனயே கெடக்கேன்."

ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை நரம்பில். ஒவ்வொரு தடவைக்கும் முன்னால் அவள் ரத்தம் உறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பது. இந்த மலைக் குளிரில் கண்ணாடி சில்லிட்டுவிடும், ரத்தம் தாமதமாக உறைந்து கணக்கைக் கெடுக்கும். குழாயை உள்ளங்கைக்குள் மூடி உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டேன். அவளுடைய ரத்தம் என் கைக்குள் உறைகிறதா என்று காத்திருந்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை. அப்படி ஒரு வாரம்.

நான்காம் நாள் இடது கால் கட்டைவிரல் அசைந்தது. முதலில் பார்த்தது மாமியார். என்னைக் கூப்பிடவில்லை. விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இப்போது கம்பை ஊன்றி நடக்கிறாள். வலது பாதம் கொஞ்சம் இழுக்கிறது. அது அப்படியே நின்றுவிடலாம். மருந்தா, தண்ணீரா, அவள் வயதா, எது காப்பாற்றியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே ஒருத்தியை வைத்து எதுவும் சொல்லக்கூடாது.

உங்கள் கேள்விக்கு. தலையைத் திறந்தால் தெரிவது உறைந்த ரத்தம். நடு உச்சியில், கறுத்து, கயிறு போல. தண்ணீர் குடித்தார்களா என்பது தெரியாது. குடித்த தண்ணீர் மூளையில் தேங்காது. ஏன் கேட்கிறீர்கள் என்று நான்கு நாளாக யோசிக்கிறேன்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. மதினிக்குத் தலைவலி என்று மெட்ராஸுக்கு எனக்கு எழுதினீர்கள். வார்டுக்கு ஓடுகிற அவசரத்தில் ஒரு கார்டு எழுதிப் போட்டேன். "பிரசவத்துக்குப் பின் தலைவலி சகஜம். ஆஸ்பிரின் கொடுக்கவும். கவலை வேண்டாம்." மூன்று வரி. வாந்தி உண்டா, கண் தெளிவாகத் தெரிகிறதா, தண்ணீர் குடிக்கிறாளா, ஒன்றும் கேட்கவில்லை. கூடத்தில் எல்லோர் முன்னாலும் தலையைத் திறக்க வேண்டும் என்று சொன்னவள், அந்த மூன்று வரியை எழுதியவள். தெரிந்துகொள்ள வேண்டும் என்று துடித்தது பாடத்துக்காக அல்ல. நான் என்ன செய்தேன் என்று பார்ப்பதற்காக.

தமயந்தி


பழனி
28.12.1962

முருகன் துணை

தமயந்திக்கு,

இதை அம்மாவுக்குச் சொல்லாதே. யாருக்கும் சொல்லாதே.

எட்டாம் நாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம். அம்மா மருந்துச் சாமான் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தாள். தீட்டு வீடு என்று நான் அந்த அறைக்குள் போவதில்லை, வாசலோடு சரி. சுந்தரம் கூப்பிட்டாள். "மாமா, ஒரு சொம்புத் தண்ணி. அத்தைக்குத் தெரியாம. ஒங்க கால்ல விழுறேன்." உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது.

முடியாது என்றேன். திரும்பி வந்துவிட்டேன். பிறகு போனேன். பெரிய சொம்பு நிறையக் கொண்டுபோனேன். ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொன்று கேட்டாள். கொடுத்தேன். சொம்பைத் துடைத்து எடுத்த இடத்தில் வைத்தேன். அவள் சிரித்தாள். அதுதான் கடைசி.

மறுநாள் விடிந்ததும் வலிப்பு.

அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. "யாரோ தண்ணி குடுத்திருக்காங்க. பச்சை ஒடம்புல்ல, தலைக்கு ஏறிருச்சு" என்று பன்னிரண்டாம் நாள்வரை புலம்பினாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நீ வந்து தலையைத் திறக்க வேண்டும் என்றதும் எனக்கு ஒன்றுதான் தோன்றியது. திறந்தால் உள்ளே தண்ணீர் நிற்கும். எல்லோரும் பார்ப்பார்கள். உன்னை அடிக்காதது பெரிது.

பாடமா என்று கேட்டேனே. அது கோபத்தில் கேட்டதில்லை. பயத்தில் கேட்டது.

இப்போது நாச்சம்மாளுக்குத் தண்ணீர் கொடு என்கிறாய். பாப்பா தண்ணீர் கேட்டால்கூட நான் எடுத்துக் கொடுப்பதில்லை. அம்மாவைக் கொடுக்கச் சொல்வேன். என் கையால் இன்னொருத்திக்கு எப்படிக் கொடுப்பேன்? நீ எழுதியது சரியாகவே இருக்கட்டும். ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தாலும் என்னால் முடியாது.

உன் கார்டு என்னிடம் இருக்கிறது. மறக்கவில்லை. வலிப்பு வந்த அன்று பகலில் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு கையில் அவளைப் பிடித்துக்கொண்டு மறு கையில் அதைப் படித்தேன். உன்னைக் குற்றம் சொல்ல எடுத்துவைக்கவில்லை. ஏன் வைத்திருக்கிறேன் என்று தெரியவில்லை.

பொன்னுவேல்


கொடைக்கானல்
2.1.1963

அண்ணா,

இதோடு ஒரு பழைய தாளை வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படியுங்கள். உங்கள் கையெழுத்து. தேதி 8.3.1959. "சுந்தரத்துக்கு இரண்டு நாளாகத் தலைவலி, குனிந்தால் அதிகமாகிறது, வெளிச்சம் பார்க்க முடியவில்லை என்கிறாள், என்ன மாத்திரை கொடுக்கலாம்."

குழந்தை பிறந்தது மூன்றாம் தேதி. நீங்கள் எழுதியது ஆறாம் நாள். அதற்கு இரண்டு நாள் முன்பே தலைவலி தொடங்கிவிட்டது. நீங்கள் தண்ணீர் கொடுத்தது பத்தாம் தேதி.

அடைப்பு முதலில். தண்ணீர் பிறகு.

சமாதானத்துக்காக எழுதவில்லை. நீங்களே எழுதிய தேதி. வலிப்பு உங்கள் சொம்புக்குப் பின்னால் வந்தது. சொம்பினால் வரவில்லை. அது ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது.

முதல் நாளிலிருந்து குடித்திருந்தால் பிழைத்திருப்பாளா? தெரியாது. தாராளமாகத் தண்ணீர் குடித்தவர்களுக்கும் இந்த நோய் வருவதுண்டு. குடிக்காத எத்தனையோ பேருக்கு வருவதில்லை. அம்மா ஐந்து தடவை காய்ந்து கிடந்து எழுந்தாள். அவள் சொன்னது அவளுக்கு யாரோ சொன்னது. ஆனால் அந்தப் பன்னிரண்டு நாளில் அந்த வீட்டில் மதினிக்கு வைத்தியம் என்று ஒன்று நடந்திருந்தால் அது இரண்டு சொம்புத் தண்ணீர். டாக்டர் செய்யவில்லை. நான் செய்யவில்லை. நீங்கள் செய்தீர்கள். தாமதமாக, பயந்துகொண்டே. செய்தீர்கள்.

அவள் சிரித்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நாச்சம்மாளைப் பாருங்கள். எல்லாத் தலைவலியும் இது ஆகாது, பெரும்பாலும் ஒன்றுமிருக்காது. ஆனால் நாளுக்கு நாள் கூடுகிற தலைவலி, படுத்தால் அதிகமாவது, கூடவே வாந்தி, கண் மங்குவது, கை கால் மரத்துப்போவது, ஒரு விரல் தானாகத் துடித்தால்கூட, எனக்கு எழுதிக் கேட்காதீர்கள். கடிதம் போய்ப் பதில் வர மூன்று நாள். வண்டி வைத்து மதுரைக்குப் போங்கள். கண்ணுக்குள் விளக்கு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஜன்னி என்று சொன்னால் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

தமயந்தி


பழனி
14.2.1963

முருகன் துணை

தமயந்திக்கு,

ஜனவரி 27ஆம் தேதி காலை பத்தரைக்கு ஆண் குழந்தை. உனக்குத் தந்தி கொடுத்திருக்க வேண்டும். பதினைந்து நாள் போகட்டும் என்று இருந்துவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

அன்றைக்கே சொம்பில் தண்ணீர் மொண்டேன். பாதி கீழே சிந்தியது. அம்மா வாசலில் குறுக்கே நின்றாள். "தீட்டு ரூமுக்குள்ள ஆம்பளைக்கு என்ன சோலி" என்றாள். "தண்ணி குடுக்கப் போறேன்" என்றேன். "நீயும் ஒன் தங்கச்சியும் சேந்து இவளையும் கொண்டுபோயிருவீங்க." அவளைச் சுற்றிக்கொண்டு போனேன். நாச்சம்மாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தாள். குடித்துவிட்டு, "ஏன் அழுறீங்க" என்றாள். தினமும் நான்கு தடவை. அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

பதினோராம் நாள் தலைவலி என்றாள். லேசாக என்றாள். தண்ணீர்தான் என்று ஒரு பக்கம் மனசு சொல்கிறது. நீ அனுப்பிய தாளை எடுத்துத் தேதியைப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். பன்னிரண்டாம் நாள் வெள்ளனே வாந்தி எடுத்தாள். ஒரே ஒரு தடவைதான். நான் காத்திருக்கவில்லை.

மறுநாள் தைப்பூசம். கடையைச் சாத்தினேன். அப்பா காலத்திலிருந்து பூசத்துக்குச் சாத்தியதில்லை. பழம் பிசைகிறவன் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். வாடகைக் காரில் நாச்சம்மாள், குழந்தை, நான். பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டேன். அம்மா கேட்காமலே முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். திண்டுக்கல் ரோடு முழுவதும் காவடிக் கூட்டம் எதிரே வருகிறது. எல்லோரும் பழனிக்கு வருகிறார்கள், நாங்கள் மட்டும் வெளியே போகிறோம். ஹாரன் அடித்தும் வழி இல்லை. நீ எழுதிய படிக்கட்டு ஞாபகம் வந்தது. நான் இறங்கி முன்னால் நடந்து கையெடுத்துக் கும்பிட்டுக் கும்பிட்டு வழி கேட்டேன். விட்டார்கள்.

மதுரையில் பார்த்த டாக்டர் உன் வயசுதான் இருப்பார். கண்ணுக்குள் விளக்கு வைக்கச் சொன்னேன். பார்த்தார். "விளிம்பு தெரியுதுங்களா" என்றேன். திரும்பி என்னைப் பார்த்தார்.

"நல்லாத் தெரியுது. நீங்க கம்பவுண்டரா?"

"இல்லைங்க. பஞ்சாமிர்தம் விக்கிறேன்."

"ரத்த அழுத்தமும் பாத்துட்டேன், சரியா இருக்கு. அடுத்து அதைத்தானே கேப்பீங்க" என்றார். நாச்சம்மாளுக்கு இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

ரத்தம் குறைவு, தூக்கம் இல்லை, வேறொன்றும் இல்லை என்றார். நான் நம்பவில்லை. மூன்று நாள் அங்கேயே வைத்திருந்தேன். தலைவலி போய்விட்டது. நான்கு நாளுக்கு முன்னால் கூட்டிவந்தேன். இன்றைக்குப் பத்தொன்பதாம் நாள். நன்றாக இருக்கிறாள்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வார்டில் இருபது கட்டில். இருபதும் பிள்ளை பெற்றவர்கள். ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் தண்ணீர்க் கூஜா. அம்மா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மூன்று நாளும் அவர்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நர்ஸிடம்கூட ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிவரும்போது ஒட்டன்சத்திரம் தாண்டி, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்ப சுந்தரம்?"

"தெரியலம்மா" என்றேன்.

அம்மா இன்றுவரை அதிகம் பேசவில்லை. உண்மையில் எனக்குத் தெரியாதுதானே? நீயும் அப்படித்தானே எழுதினாய்?

எட்டாம் நாளைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்று நீ சொல்.

உன் கார்டை இதோடு அனுப்புகிறேன். என் தாள் என்னிடம் இருக்கட்டும். உன்னுடையது உன்னிடம்.

பொன்னுவேல்


கொடைக்கானல்
19.2.1963

அண்ணா,

கார்டு வந்தது. கிழிக்கவில்லை. கண் பார்க்கும் கருவி இருக்கும் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவைத்திருக்கிறேன். திறக்கும்போதெல்லாம் தெரியும். மூன்று வரி.

நேற்று குப்பம்மாள் பூம்பாறையிலிருந்து வந்திருந்தாள். பாதம் இன்னும் இழுக்கிறது. கூட அவள் மாமியார். ஊரில் இன்னொரு பெண்ணுக்கு மாதமாம். "தண்ணி குடுக்கலாமா தாயின்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். கொடுங்கள் என்றேன். "எவ்வளவு?" என்றாள். கேட்கிற அளவு என்றேன். நம்பாதவள் போலத் தலையாட்டிவிட்டுப் போனாள். கொடுப்பாள் என்று நினைக்கிறேன்.

அம்மாவிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியவில்லை. சொன்னால் தண்ணீர் கொடுத்தவர் யார் என்று அவளுக்குத் தெரியும். கொடுக்காதவர் யார் என்பதும் தெரியும். அது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஒட்டன்சத்திரம் தாண்டி.

வெள்ளிக்கிழமை மாலை இங்கே மூடுபனி விலகியது. குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போனேன். அங்கிருந்து கீழே பழனி தெரிகிறது. மலைக்கோயில் ஒரு பொட்டு. அதன் அடியில் உங்கள் கடை. அவ்வளவு பக்கம். பஸ்ஸில் வந்தால் வத்தலக்குண்டு சுற்றி ஒரு பகல் முழுவதும்.

பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மார்ச் மூன்றாம் தேதி வருகிறேன். பாப்பாவுக்கு அன்று நான்கு வயது.

படி ஏறியதும் தண்ணீர் கேட்பேன். நீங்கள் எடுத்துவராதீர்கள். நாச்சம்மாளையும் அனுப்பாதீர்கள். அம்மாவிடம்தான் கேட்பேன்.

தமயந்தி